முந்நூறு பிரதிகள்: சிற்றிதழ் தொடங்குகிறவருக்கு

இதழுக்குப் பெயர் வைப்பதில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான். மூன்று நண்பர்கள், ஒரு டீக்கடை பெஞ்சு, பெயருக்காக மட்டும் இரண்டு மாதம் போனது. அந்த இரண்டு மாதத்தில் ஒருவரிடமும் ஒரு கவிதை கேட்டு வாங்கவில்லை. ஆகவே பெயரைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் ஒரு நோட்டில், நீங்கள் விரும்பிப் படிக்கிற, ஆனால் இன்னும் புத்தகம் போடாத பத்துப் பேரின் பெயரை எழுதுங்கள். முகநூலில் கண்ட ஒருவராக இருக்கலாம், விடுதியில் பக்கத்து அறைக்காரராக இருக்கலாம். பத்துப் பேர் தேறவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நாள் படியுங்கள், இதழ் பொறுத்துக்கொள்ளும்.

அந்தப் பட்டியல்தான் இதழ். சி.சு. செல்லப்பா 1959இல் திருவல்லிக்கேணியிலிருந்து 'எழுத்து' கொண்டுவந்தபோது புதுக்கவிதைக்கு இடம் தருகிற பத்திரிகை அநேகமாக வேறு இல்லை. மூன்றே ஆண்டில் அதில் எழுதியவர்களிடமிருந்து 24 பேரின் 63 கவிதைகளைப் பொறுக்கித் தொகுப்பாகப் போட முடிந்தது அவருக்கு. சேலத்திலிருந்து 1968இல் வந்த 'நடை' எட்டு இதழோடு நின்றது. இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறோம். யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா முடிதிருத்தும் தொழிலில் இருந்துகொண்டே 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கி, தானே கையில் எடுத்துப் போய் விற்றார். இவர்கள் யாரும் பெரிய முதலோடு இறங்கியவர்கள் இல்லை. யாரை அச்சில் பார்க்க ஆசைப்படுகிறோம் என்பதில் மட்டும் தெளிவாக இருந்தார்கள்.

பணக் கணக்கு

இதை இரண்டாவதாகச் செய்யுங்கள், படைப்பு கேட்கும் முன்பே. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 64 பக்கம், 300 பிரதி. தாள், அச்சு, கட்டுமானம் (பைண்டிங்) எல்லாம் சேர்ந்து பிரதிக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம். இரண்டு மூன்று அச்சகங்களில் விசாரித்துவிடுங்கள். ஆக, 18,000 ரூபாய் முதல். விலை 120 ரூபாய். கடைக்காரருக்கு 35 சதவீதம் கழிவு கொடுத்தால் கைக்கு வருவது 78. தபாலில் நேராக அனுப்பினாலும் உறை, தபால்செலவு போக ஏறக்குறைய அதே கணக்குத்தான். எழுதியவர்களுக்கும் நூலகங்களுக்கும் மதிப்புரைக்கும் 40 பிரதி போய்விடும். மிச்சம் 260ம் விற்றால் 20,280 ரூபாய். பரவாயில்லையே, 2,280 ரூபாய் நிற்கிறதே என்று தோன்றும்.

260ம் விற்காது. முதல் வருடத்தில் 150 பிரதி போனாலே நல்ல விற்பனை. அப்போது வருவது 11,700. கையை விட்டுப் போவது 6,300. மூன்று இதழுக்கு ஏறத்தாழ 19,000 ரூபாய். இந்தத் தொகையைத் தொலைத்தால் வீட்டில் சண்டை வராது என்றால் மட்டும் இறங்குங்கள். மூன்று பேர் பகிர்ந்தால் தலைக்கு ஆறாயிரத்துச் சொச்சம், இரண்டு வருடத்தில். சாத்தியம்தான்.

ஏன் மூன்று இதழுக்குக் கணக்குப் பார்க்கச் சொல்கிறேன் என்றால், முதல் இதழை யார் வேண்டுமானாலும் கொண்டுவந்துவிடலாம். நண்பர்கள் வாங்குவார்கள், உற்சாகம் இருக்கும். இரண்டாவது இதழில் அந்த உற்சாகம் பாதியாகும். முன்பின் தெரியாத ஒருவர் எங்கிருந்தோ படைப்பு அனுப்புவது மூன்றாவது இதழின்போதுதான் நடக்கிறது, குறைந்தபட்சம் எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. முதல் இதழின் அட்டைக்கே காசை எல்லாம் கொட்டிவிட்டவர்கள் அந்தக் கடிதம் வருகிறவரை தாக்குப்பிடிப்பதில்லை.

சந்தா விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. முதல் இதழிலேயே ஆண்டுச் சந்தா வாங்காதீர்கள். அது வருமானம் மாதிரி தெரியும், உண்மையில் கடன். ஆயுள் சந்தா கேட்டால் 'யாருடைய ஆயுள், எங்களுடையதா இதழுடையதா?' என்று பழைய வாசகர்கள் சிரிப்பார்கள். மூன்று இதழ் வந்த பிறகு கேளுங்கள்.

படைப்பு வாங்குவது

அறிவிப்பில் நான்கு விஷயம் தெளிவாக இருக்கட்டும்: எத்தனை கவிதை (மூன்றிலிருந்து ஐந்து போதும்), கதை எத்தனை சொல், கடைசித் தேதி, எந்தத் தேதிக்குள் பதில் சொல்வீர்கள். ஒருங்குறியில் (யூனிகோடில்) தட்டச்சு செய்த வேர்ட் கோப்பாகக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினால் திரும்பத் தட்டச்சு செய்யும்போது நீங்கள் ஒரு பிழை சேர்ப்பீர்கள், அது கவிஞரின் கணக்கில் போகும்.

அறிவிப்பை நம்பி மட்டும் உட்காராதீர்கள். நோட்டில் எழுதிய பத்துப் பேருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். 'உங்கள் படைப்பை அனுப்பவும்' என்று எழுதினால் எல்லோருக்கும் போகிற சுற்றறிக்கை மாதிரி இருக்கும். எந்தக் கவிதையை எங்கே படித்தீர்கள், அதில் எந்த வரி பிடித்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு அனுப்பாமல் இருப்பவர்கள் அந்த இரண்டு வரிக்காக அனுப்புவார்கள்.

அப்புறம் வருவது கஷ்டமான வேலை. வந்ததில் பெரும்பாலானதை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதிலும் நண்பர்களுக்கு. தேர்வு செய்கிற மூவரும் எழுதியவர் பெயர் தெரியாமல் படிக்கிற ஒரு ஏற்பாடு இருந்தால் நட்பு பிழைக்கும். ஒருவர் பெயரை நீக்கி எண் போட்டுக் கொடுக்கட்டும். மறுப்புக் கடிதம் மூன்று வரிக்கு மேல் வேண்டாம். காரணம் சொல்லத் தோன்றினால் குறிப்பிட்ட ஒன்றைச் சொல்லுங்கள், 'கவிதை ஆழமாக இல்லை' என்பது காரணம் ஆகாது. பதிலே போடாமல் இருப்பதுதான் மிக மோசம். ஆறு மாதம் காத்திருந்தவர் அதை மறக்கமாட்டார்.

எடுத்துக்கொண்ட படைப்பில் கை வைக்கலாமா? வைக்கலாம், கேட்டுவிட்டு. சிறுகதையில் முதல் பத்தியை வெட்டச் சொல்வது பல நேரம் சரியான யோசனையாகவே இருக்கிறது. கதை இரண்டாவது பத்தியில்தான் தொடங்கியிருக்கும். கவிதையில் அப்படி இல்லை. ஒரு சொல்லை மாற்றினாலும் கவிஞரின் ஒப்புதல் எழுத்தில் வரட்டும். சந்திப்பிழை திருத்துவதில்கூடக் கவனம் வேண்டும், ஒற்று விழுந்த இடத்தில் ஓசை மாறிவிடும் என்று சிலர் வேண்டுமென்றே விட்டிருப்பார்கள்.

உரிமை பற்றி ஒரு பக்கக் கடிதம் போதும். காப்புரிமை எழுதியவருக்கே, இந்த இதழில் ஒருமுறை அச்சிட மட்டும் அனுமதி, இணையத்தில் போடுவதானால் தனியாகக் கேட்போம், இரண்டு பிரதி இலவசம். இவ்வளவுதான். சன்மானம் சிறு தொகையாக இருந்தாலும் கொடுக்க முயலுங்கள். இருநூறு ரூபாய் வந்ததை வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கும் கவிஞர்களை எனக்குத் தெரியும்.

மொழிபெயர்ப்பில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு காப்புரிமை உண்டு. 1964இல் இறந்தவரின் எழுத்து 2025 ஜனவரி 1 முதல்தான் பொதுவுக்கு வந்தது. கவிஞர் ரில்கே 1926இல் இறந்தவர், அவருடைய ஜெர்மன் மூலத்துக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலம் வழியாகத்தானே மொழிபெயர்க்கிறோம்? அந்த ஆங்கில மொழிபெயர்ப்பாளர் உயிரோடு இருக்கலாம். அவருக்குத் தனி உரிமை உண்டு, அவரிடம் கேட்க வேண்டும். கேட்டால் பலர் காசு வாங்காமலே தருகிறார்கள். தமிழில் அரசு நாட்டுடைமையாக்கியவர்களின் படைப்புகளை எடுத்துப் போட அனுமதி தேவையில்லை, ஆனால் பதிப்புக்குப் பதிப்பு பாடம் வேறுபடும். எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தீர்கள் என்று அடியில் குறிப்பிடுங்கள்.

பக்கத்தில் வரி

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், எங்கள் முதல் இதழின் அவமானம் இங்கேதான் நடந்தது. பதினான்கு வரிக் கவிதை ஒன்றின் கடைசி மூன்று வரி அடுத்த பக்கத்தின் தலைக்குப் போய்விட்டது. தாளைத் திருப்பினால்தான் தெரியும். பதினோராவது வரியோடு கவிதை முடிந்ததாக எல்லோரும் படித்தார்கள். 'அந்த முடிவு அபாரம்' என்று இரண்டு பேர் எழுதியும் போட்டார்கள். கவிஞர் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார். பக்கம் வடிவமைத்தது நான்தான்.

அதனால்: ஒரு பக்கக் கவிதை ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். இரண்டு பக்கக் கவிதையை இடப்பக்கத்தில் தொடங்குங்கள். விரித்ததும் முழுக் கவிதையும் கண்ணில் படும். மூன்று பக்கம் போனால் பத்தி முடிகிற இடத்தில் பக்கம் முறியட்டும், வரிக் கூட்டத்தின் நடுவே வேண்டாம். கவிதையை இருபுறமும் சீராக்கவே கூடாது, இடதுபுறம் ஒட்டிவைத்தால் போதும். அகலம் போதாமல் நீண்ட வரி மடிந்தால், மடிந்த பகுதியை நன்றாக உள்தள்ளுங்கள், அப்போதுதான் அது புதிய வரி இல்லை என்று தெரியும். அடிக்கடி மடிகிறது என்றால் எழுத்தின் அளவை அரைப் புள்ளி குறைத்துப் பாருங்கள். அதுவும் போதவில்லை என்றால் கவிஞரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

இதழின் அளவுக்கு டெமி, அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலம், பாதுகாப்பானது. அச்சகத்தார் பதினாறு பக்கத்தை ஒரு பாரம் என்பார்கள். 64 பக்கம் என்றால் நான்கு பாரம். 66 பக்கம் வந்துவிட்டது என்று போய் நிற்காதீர்கள். ஒரு கவிதையை அடுத்த இதழுக்கு நகர்த்துங்கள்.

எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற இலவச ஒருங்குறி எழுத்துருக்கள் அச்சில் நன்றாகவே வருகின்றன. பக்க வடிவமைப்புக்கு இன்டிசைன் மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதன் அமைப்பில் 'வேர்ல்டு ரெடி' கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாகப் பிரிந்து கிடக்கும். காசு இல்லாதவர்களுக்கு ஸ்கிரைபஸ் இலவசம், அதன் புதிய பதிப்புகள் தமிழைச் சரியாகக் காட்டுகின்றன.

மூத்த எழுத்தாளர்கள் சிலர் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில்தான் அனுப்புவார்கள். எழுத்துரு மாற்றியில் போட்டு ஒருங்குறியாக்கலாம், ஆனால் மாற்றிய பிறகு சில இடங்களைத் தேடிப் பாருங்கள்: துணைக்கால் வர வேண்டிய இடத்தில் 'ர', 'ஔ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒ'வும் 'ள'வும், 'எ'க்குப் பதில் தமிழ் எண் ஏழு. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிவதால் படிக்கும்போது தப்பிவிடும், தேடினால் சிக்கும்.

மெய்ப்பு மூன்று முறை பாருங்கள். ஒரு முறையாவது ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, இன்னொருவர் அச்சுப் பக்கத்தில் விரல் வைத்துப் பார்க்கட்டும். உள்பக்கங்களில் காட்டுகிற கவனத்தை அட்டையிலும் பொருளடக்கத்திலும் எழுத்தாளர் பெயரிலும் யாரும் காட்டுவதில்லை. அச்சாகி வந்த பிறகு முதலில் கண்ணில் படுகிற பிழை அங்கேதான் இருக்கும்.

அட்டைக்கு இணையத்தில் கிடைத்த படத்தை எடுக்காதீர்கள். உரிமை ஒருபுறம், திரையில் பளிச்சென்று இருக்கும் படம் அச்சில் கட்டம் கட்டமாக உடையும் (300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும்). நவீன ஓவியர்களுக்கும் சிற்றிதழ்களுக்கும் தமிழில் பழைய உறவு. ஆதிமூலமும் ட்ராட்ஸ்கி மருதுவும் எத்தனை இதழ்களுக்கு வரைந்திருக்கிறார்கள்! கும்பகோணத்திலோ சென்னையிலோ ஓவியக் கல்லூரியில் படிக்கிற ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். ஒரு கோட்டோவியம், ஒரே நிறம், நல்ல தாள். அது போதும்.

அச்சகம்

முந்நூறு பிரதி வரை டிஜிட்டல் அச்சு கட்டுப்படியாகும். ஐந்நூறைத் தாண்டினால் ஆஃப்செட்டில் விலை கேளுங்கள். பிரதிக்கு விலை குறைகிறதே என்று ஆயிரம் அடிக்க மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள், அந்த எழுநூறு பிரதி உங்கள் வீட்டில்தான் குடியிருக்கும். உள்தாளுக்கு 70 ஜிஎஸ்எம் கனமுள்ள மேப்லித்தோ வெள்ளைத் தாள், அல்லது கண்ணைக் குத்தாத லேசான பழுப்புத் தாள். 64 பக்கம் வரை நடுவில் பின் அடித்துவிடலாம், செலவும் குறைவு. முதுகில் பெயர் தெரிய வேண்டும், அலமாரியில் நிற்க வேண்டும் என்றால் பக்கம் கூட்டி, பசை வைத்த கட்டுமானத்துக்குப் போக வேண்டும்.

கோப்பைப் பிடிஎஃப்பாகக் கொடுங்கள், எழுத்துருக்களைப் பதித்து. உள்பக்க எழுத்து முழுவதும் கறுப்பு ஒற்றை நிறத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நான்கு நிறம் கலந்த கறுப்பாக இருந்தால் எழுத்தின் ஓரம் மங்கும். முழு அச்சுக்கு முன் ஒரே ஒரு டம்மி பிரதி அடித்துத் தரச் சொல்லுங்கள். அதற்குத் தனியாகக் காசு கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். டம்மியைக் கையில் வைத்து ஒவ்வொரு தாளாகத் திருப்பினால் எங்கள் பதினோராவது வரி விபத்து உங்களுக்கு நேராது.

கட்டு வீட்டுக்கு வந்ததும் பத்துப் பிரதியைக் கலைத்து எடுத்துப் பாருங்கள். பாரம் மாறிய பிரதி, ஒரே பாரம் இரண்டு முறை சேர்ந்த பிரதி எல்லாம் சகஜம். அன்றே சொன்னால் அச்சகத்தார் மாற்றித் தருவார்கள், ஒரு மாதம் கழித்துச் சொன்னால் உதட்டைப் பிதுக்குவார்கள்.

எண், பதிவு, நூலகம்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. முதல் வெளியீட்டை இதழாக அல்லாமல் தொகுப்பு நூலாகக் கொண்டுவருவது எளிது. நூலுக்கு ஐஎஸ்பிஎன் என்கிற சர்வதேசப் புத்தக எண் போதும். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமை அதை இணையம் வழியாக இலவசமாகத் தருகிறது. தனிநபரும் விண்ணப்பிக்கலாம். யாராவது வாங்கித் தருகிறேன் என்று ஆயிரம் இரண்டாயிரம் கேட்டால் கொடுக்க வேண்டாம். நேரம் எடுக்கும் என்பதால் பக்க வடிவமைப்பு தொடங்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

காலாண்டிதழ், மாத இதழ் என்று ஒழுங்கான இடைவெளியில் நடத்துவதானால் பதிவு பற்றி யோசிக்க வேண்டும். 1867ஆம் ஆண்டின் பழைய சட்டம் போய், 2023இல் இயற்றிய பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பம் எல்லாம் இணையத்தில்தான். 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று அட்டையில் போட்டுக்கொண்டு பல சிற்றிதழ்கள் காலம் தள்ளியிருக்கின்றன. அந்த வரியில் ஒரு அழகு இருக்கிறது என்றாலும், ஐந்தாறு இதழ் தாண்டி நடத்துகிற எண்ணம் இருந்தால் முறையாகப் பதிவு செய்வதே நல்லது.

1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதி, சென்னை கன்னிமாராவுக்கு ஒன்று, மும்பை, டெல்லி நூலகங்களுக்கு ஒவ்வொன்று அனுப்ப வேண்டும். சட்டத்தில் இல்லாத ஒரு பிரதியையும் அனுப்புங்கள்: சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற அந்த ஒரு மனிதர் விளம்பரத் தாள்கள், பழைய பத்திரிகைகள் என்று கிடைத்ததை எல்லாம் சேர்த்து வைத்ததால்தான் இன்று பல இதழ்களை நாம் பார்க்கவே முடிகிறது. ஈழத்து எழுத்து உங்கள் இதழில் இருந்தால் 'நூலகம்' என்ற பெயரில் இயங்கும் இணைய மின்னூலகத்துக்கும் ஒரு பிடிஎஃப் கொடுக்கலாம்.

விற்பது

வெளியீட்டு விழாவுக்குச் செலவு செய்யாதீர்கள். நூலக வாசகர் வட்டத்தில் ஒரு மாலை, எழுதியவர்கள் தங்கள் படைப்பைப் படிக்கட்டும், டீயும் போண்டாவும் கொடுங்கள். தலைமையுரை வேண்டவே வேண்டாம். மூன்று வாழ்த்துரை முடிந்து கவிதை படிக்கும் நேரத்தில் பாதிப் பேர் பேருந்துக்குக் கிளம்பியிருப்பார்கள்.

சென்னைப் புத்தகக் காட்சி 1977 முதல் நடக்கிறது, இப்போதெல்லாம் பொங்கலை ஒட்டி வரும். ஈரோட்டுத் திருவிழா ஆகஸ்டில். தனி அரங்கு எடுப்பது நமக்குக் கட்டாது. தெரிந்த சிறு பதிப்பாளரின் அரங்கில் இருபது பிரதி வையுங்கள். அவருடைய கழிவு எவ்வளவு, வாசகருக்குத் தரும் பத்து சதவீதம் யார் கணக்கில், விற்காத பிரதியை எப்போது எடுத்துக்கொள்வது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். நட்பில் எழுத்து எதற்கு என்பார்கள். நட்புக்காகத்தான் எழுதச் சொல்கிறேன். நாங்கள் எழுதாமல் வைத்த இருபது பிரதி என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது, கேட்கவும் கூச்சம்.

நேர் விற்பனைக்கு வாட்ஸ்அப் எண் ஒன்றும் பணம் அனுப்புகிற க்யூஆர் குறியும் போதும். இதழுக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுச் செலவோடு கலந்தால் விற்ற கணக்கு தெரியாது. தபால்செலவைப் பொறுத்தவரை பழையவர்கள் சொல்லும் புத்தக அஞ்சல் சலுகையை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். பதிவு அஞ்சலே 2025 செப்டம்பரில் விரைவு அஞ்சலோடு சேர்ந்துவிட்டது. டம்மி பிரதியை உறையிலிட்டுத் தபால் நிலையத்தில் எடை போட்டு, அன்றைய கட்டணத்தைக் கேட்டுவிட்டுப் பிறகு விலை வையுங்கள். பின் அடித்த இதழ் வழியில் மடங்காமல் இருக்க, முதுகுப்புறம் ஒரு அட்டைத் துண்டு வைக்கலாம். பழைய நோட்டு அட்டை போதும்.

வாங்கியவரின் பெயர், ஊர், தேதியை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். அடுத்த இதழ் வரும்போது முதலில் செய்தி சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

மிச்சக் கட்டுகளைக் கட்டிலுக்கு அடியில் வைப்பதானால் தரையில் படாமல் பலகை போட்டு வையுங்கள், சுவரிலிருந்தும் தள்ளி. மழைக்காலத்தில் ஈரம் ஏறும், கரையான் அதைவிட வேகம். ஒவ்வொரு கட்டின் மேலும் இதழ் எண்ணையும் எத்தனை பிரதி என்பதையும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இரண்டாம் இதழைக் கேட்ட ஒருவருக்கு நாங்கள் மூன்று முறை முதல் இதழையே அனுப்பியிருக்கிறோம். நான்காவது முறை அவர் இரண்டாம் இதழுக்குக் காசு அனுப்பவில்லை, மூன்றாம் இதழுக்கு ஒரு கதை அனுப்பினார்.